ஃபிலிம் கேமராவில் கண் பார்ப்பதும் லென்ஸ் பார்ப்பதும்

லென்ஸ் வழியாக வரும் காட்சியையே கண்ணாடியால் திருப்பிக் கண்ணுக்குக் காட்டும் எஸ்.எல்.ஆர். கேமராவில் ஃபிளாஷ் போட்டுப் படமெடுப்பவர்களிடையே ஒரு பழைய பேச்சு உண்டு: ஃபிளாஷ் மின்னுவது, நாம் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குள் தெரிந்தால் அந்தப் படம் போச்சு. கேட்கத் தலைகீழாக இருக்கும். ஆனால் காரணம் எளிது. பொத்தானை அழுத்தியதும் கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி மேலே எழும். அது மறுபடி இறங்கும்வரை நம் கண்ணுக்கு இருட்டு. ஷட்டர் திறப்பது, ஃபிளாஷ் மின்னுவது, ஃபிலிமில் ஒளி விழுவது எல்லாம் அந்த இருட்டுக்குள்தான் நடந்து முடிகின்றன. மின்னல் கண்ணில் பட்டதென்றால் அப்போது கண்ணாடி கீழே இருந்திருக்கிறது. ஃபிளாஷ் தப்பான நேரத்தில் மின்னியிருக்கிறது.

லென்ஸ் வழியாகப் பார்க்காமல் தனி ஜன்னல் வழியாகப் பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டர்காரர்களின் கதை வேறு. நான் ஒருமுறை முழு ரோலை, 36 படங்களையும், லென்ஸ் மூடியைக் கழற்றாமலே எடுத்து முடித்தேன். வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் இல்லாத பழைய கேமரா. ஒவ்வொரு படத்துக்கும் ஃபிரேமை நிதானமாக அமைத்தேன், ஃபோகஸைச் சேர்த்தேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். வியூஃபைண்டரில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கேமரா கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. கழுவி எடுத்தபோது ஃபிலிம் முழுக்க ஒளியே படாமல் தெள்ளத்தெளிவாக இருந்தது. எஸ்.எல்.ஆரில் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது. மூடி போட்டிருந்தால் கண்ணுக்கு முன் வெறும் கறுப்புதான்.

இரண்டுமே எதையோ மறைக்கின்றன. எஸ்.எல்.ஆர். படத்தைக் காட்டிவிட்டு அது விழும் கணத்தை மறைக்கிறது. ரேஞ்ச்ஃபைண்டர் கணத்தைக் காட்டிவிட்டுப் படத்தை மறைக்கிறது. டிஜிட்டல் கேமராவில் இது பெரிதாக உறைக்காது. பின்பக்கத் திரையில் உடனே பார்த்துவிடலாம். தப்பென்றால் இன்னொன்று எடுக்கலாம். ஃபிலிமில் ரோல் முடிந்து நெகட்டிவ் கைக்கு வரும்வரை வியூஃபைண்டரில் கண்டது மட்டும்தான் நமக்கிருக்கும் ஆதாரம். அந்த ஆதாரம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை வைத்துத்தான் இவற்றை ஒப்பிட வேண்டும் என்பது என் கட்சி. கூர்மை, நிறம், 'அந்தக் கேமராவுக்கே உரிய மாயம்' என்று பேசப்படுவதெல்லாம் பெரும்பாலும் லென்ஸையும் ஃபிலிமையும் பற்றிய பேச்சு. ஒரே ஃபிலிமில், ஒரே தரத்து 50 மி.மீ. லென்ஸில், எஃப் 5.6 (லென்ஸின் துளை அளவு; எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்) வைத்து எடுத்த இரண்டு நெகட்டிவ்களைக் கொடுத்து எது எந்த வகைக் கேமராவில் எடுத்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தெரியும் என்பவர்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

எஸ்.எல்.ஆரில் லென்ஸ் வழியாக வரும் ஒளியை 45 பாகை சாய்ந்த கண்ணாடி மேலே திருப்பி, ஃபோகஸிங் ஸ்கிரீன் என்ற மங்கலான பரப்பில் விழவைக்கிறது. அங்கே விழும் பிம்பத்தை மேலேயுள்ள பென்டாபிரிசம் நேராக்கிக் கண்ணுக்கு அனுப்புகிறது. ஆகவே நாம் பார்ப்பது காட்சியை அல்ல, லென்ஸ் வரைந்த பிம்பத்தை. ரேஞ்ச்ஃபைண்டரில் வியூஃபைண்டர் என்பது லென்ஸோடு தொடர்பில்லாத தனி ஜன்னல். அதிலிருந்து சற்றுத் தள்ளி இன்னொரு சின்ன ஜன்னல். இரண்டாவதன் வழியே வரும் பிம்பம் முதலாவதன் நடுவில் ஒரு பொட்டு அளவுக்கு வந்து விழும். லென்ஸைத் திருகும்போது அதன் பின்பக்க வளையம் கேமராவுக்குள் இருக்கும் சிறு உருளையைத் தள்ளும். பொட்டுக்குள் இருக்கும் பிம்பம் பக்கவாட்டில் நகரும். இரட்டையாகத் தெரிந்த மூக்கு ஒற்றையாகிவிட்டால் ஃபோகஸ் சேர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்த முக்கோணக் கணக்குதான், வேறொன்றும் இல்லை.

வரலாற்றில் இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையிலிருந்து வந்தவை. 1925இல் லைக்கா வெளிவந்தபோது அதில் ரேஞ்ச்ஃபைண்டரே கிடையாது. தூரத்தைக் கண்ணளவில் மதிப்பிட்டு லென்ஸில் வைக்க வேண்டும், அல்லது தனியாக ஒரு தூரமானியை மேலே செருகிக்கொள்ள வேண்டும். லென்ஸோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர் 1932இல் லைக்கா II, கான்டாக்ஸ் I இரண்டிலும் வந்தது. 35 மி.மீ. எஸ்.எல்.ஆர். அதற்குச் சில ஆண்டுகளே இளையது. டிரெஸ்டனில் செய்த கினே எக்ஸாக்டா 1936. ஆனால் அந்தக் கால எஸ்.எல்.ஆரோடு மல்லுக்கட்டுவது லேசான காரியம் இல்லை. இடுப்பளவில் பிடித்து மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். இடது வலமாகத் தெரியும். படமெடுத்தபின் ஃபிலிமை நகர்த்தும்வரை கண்ணாடி இறங்காது. எஃப் 11 வைத்தால் அந்தச் சிறு துளை வழியே வரும் வெளிச்சத்தில்தான் பார்த்தாக வேண்டும்.

இந்தத் தொல்லைகள் ஒவ்வொன்றாகத்தான் தீர்ந்தன. 1949இல் கான்டாக்ஸ் எஸ் கேமராவில் பென்டாபிரிசம் வந்து, கண்மட்டத்தில் பிடித்து நேராகப் பார்க்க முடிந்தது. 1954இல் அசாஹிஃப்ளெக்ஸ் IIபி கேமராவில் கண்ணாடி எழுந்த வேகத்திலேயே இறங்கியது. அதே 1954இல்தான் லைக்கா எம்3 வந்தது. ரேஞ்ச்ஃபைண்டர் தன் உச்சத்தைத் தொட்ட ஆண்டும், அதன் இடத்தைப் பிடிக்கப்போகும் சாதனம் பழகத் தகுந்ததாக மாறிய ஆண்டும் ஒன்றே. 1959இல் நிக்கான், தன் எஸ்.பி. ரேஞ்ச்ஃபைண்டரின் உடலை எடுத்து நடுவில் கண்ணாடிப் பெட்டியை வைத்து நிக்கான் எஃப் கேமராவைச் செய்தது. பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் 1960களில் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். பிறகு பெருவாரியாகத் திரும்பவே இல்லை. நீள லென்ஸ், நெருக்கப் படம், ஜூம் என்று தொழிலுக்கு வேண்டியவையெல்லாம் அங்கே இருந்தன. ரேஞ்ச்ஃபைண்டர் மோசமாகிவிடவில்லை, அது செய்யும் வேலையின் எல்லை குறுகலானது, அவ்வளவுதான்.

அந்த எல்லை எங்கே என்பதை ஃபோகஸைப் பற்றிப் பேசினால்தான் பிடிக்க முடியும்.

ரேஞ்ச்ஃபைண்டரின் துல்லியம் இரண்டு ஜன்னல்களுக்கு இடையிலுள்ள தூரத்தையும், வியூஃபைண்டர் காட்சியை எவ்வளவு சிறிதாக்குகிறது என்பதையும் பொறுத்தது. எம்3இல் ஜன்னல்களுக்கு இடையே 68.5 மி.மீ.; வியூஃபைண்டரின் உருப்பெருக்கம் 0.91. இரண்டையும் பெருக்கினால் 62 மி.மீ. சொச்சம். பிற்கால எம் கேமராக்களில் பரவலாக இருக்கும் 0.72 வியூஃபைண்டரில் இது 50 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும். கவனிக்க வேண்டியது, இந்தக் கணக்கில் லென்ஸ் வரவே இல்லை. காட்சியை அகலமாக வாங்கும் 21 மி.மீ. மாட்டினாலும் தூரத்தை நெருக்கிக் காட்டும் 135 மி.மீ. மாட்டினாலும் பொட்டின் துல்லியம் அதேதான்.

எஸ்.எல்.ஆர். அப்படி இல்லை. அங்கே ஸ்கிரீனில் விழுவது லென்ஸின் சொந்தப் பிம்பம். 135 மி.மீ. லென்ஸில் முகம் பெரிதாகத் தெரியும். ஃபோகஸ் கொஞ்சம் விலகினாலும் இமைமுடி கரைவது கண்ணுக்குப் பிடிபடும். 28 மி.மீ. லென்ஸில் எல்லாம் சின்னச் சின்னதாக, எல்லாம் கூர்மையாக இருப்பதுபோலவே தெரியும். வளையத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகிப் பார்த்து, கடைசியில் ஏதோ ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு, சரியாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். அகல லென்ஸ் என்றால் ஃபோகஸ் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். எஃப் 8இல் அது உண்மை. மங்கிய அறையில் 28 மி.மீ. லென்ஸை எஃப் 2.8இல் திறந்து வைத்துக்கொண்டு 1.5 மீட்டரில் இருக்கும் முகத்தை எஸ்.எல்.ஆர். ஸ்கிரீனில் சேர்த்துப் பாருங்கள். ரேஞ்ச்ஃபைண்டரின் பொட்டு எவ்வளவு பெரிய நிம்மதி என்று புரியும்.

நீள லென்ஸில் நிலைமை அப்படியே புரண்டுவிடும். 90 மி.மீ. லென்ஸை எஃப் 2இல் வைத்து 1 மீட்டரில் ஒரு முகத்தை எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒன்றரைச் சென்டிமீட்டர். ரேஞ்ச்ஃபைண்டரின் அமைப்பு மயிரிழை விலகியிருந்தாலும் கண்ணுக்குப் பதில் காது கூர்மையாக இருக்கும், அது நெகட்டிவ் வரும்வரை தெரியவும் தெரியாது. 135 மி.மீ. லென்ஸில் விழும் பரப்பைக் காட்டும் கட்டமோ வியூஃபைண்டரின் நடுவில் தபால்தலை அளவுக்குத்தான் இருக்கும். அதற்கு மேற்பட்ட லென்ஸை ரேஞ்ச்ஃபைண்டரில் மாட்ட நினைப்பவர் நேரே எஸ்.எல்.ஆர். வாங்கிவிடலாம்.

பொட்டுக்கும் சில குறும்புகள் உண்டு. அதற்குச் செங்குத்தான விளிம்பு ஒன்று வேண்டும். வெறும் சுவரை நோக்கினால் சேர எதுவும் கிடைக்காது. கிடைக்கோடு மட்டும் இருந்தால் கேமராவைச் சற்றுச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். எல்லாவற்றிலும் மோசமானது ஒரே மாதிரி கம்பிகள் வரிசையாக நிற்கும் கிராதி. முதல் கம்பியின் பிம்பம் இரண்டாவது கம்பியின்மேல் அழகாகப் பொருந்தி உட்காரும்; நாமும் நம்பிவிடுவோம். எஸ்.எல்.ஆர். ஸ்கிரீனின் நடுவில் ஃபோகஸ் சேர்க்க உதவும் பிளவுபட்ட பிம்ப வட்டத்துக்கு வேறு நோய்: எஃப் 5.6 போன்ற, வெளிச்சத்தைக் குறைவாக விடும் லென்ஸை மாட்டினால் வட்டத்தின் ஒரு பாதி கறுத்துப்போகும், பிறகு சுற்றியிருக்கும் மங்கல் பரப்பை நம்ப வேண்டியதுதான். ரேஞ்ச்ஃபைண்டருக்கு லென்ஸ் எஃப் 1.4ஆ எஃப் 4ஆ என்பது ஒரு பொருட்டே இல்லை. ஜன்னலின் வெளிச்சம் மாறாது.

ஆனால் அந்த மாறாத வெளிச்சத்துக்கு ஒரு விலை உண்டு. ஜன்னலில் எல்லாமே கூர்மையாகத் தெரியும். எஃப் 2இல் பின்னணி எப்படிக் கரையும், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இலை எவ்வளவு பெரிய பச்சைப் புகையாக மாறும் என்பதையெல்லாம் அனுபவத்தில் ஊகிக்க வேண்டும். லென்ஸை மறைக்கும் விரலும் வார்ப்பட்டையும் கண்ணுக்குத் தெரியாது. என் நெகட்டிவ்களில் ஓர் ஓரத்தில் நிழல்போல நான் பலமுறை சந்தித்தது என் சுட்டுவிரல். எஸ்.எல்.ஆரில் மங்கல் மங்கலாகவே தெரியும். அதையும் அப்படியே நம்பிவிட முடியாது, ஏனென்றால் நாம் பார்ப்பது லென்ஸ் முழுதாகத் திறந்திருக்கும் நிலையை. எஃப் 8இல் எடுக்கப்போகிறோம் என்றால் ஆழத்தைப் பார்க்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியதும் காட்சி இருண்டுவிடும். பிற்காலத்து வெளிச்சமான ஸ்கிரீன்கள் எஃப் 1.4 லென்ஸின் மங்கலை உள்ளதைவிடக் குறைத்தே காட்டின. எனினும், உருவப்படம் எடுப்பவருக்கு அந்தக் குறையுள்ள சாட்சி, சாட்சியே இல்லாததைவிட மேல்.

தெருவில் நடந்துகொண்டே எடுப்பவர்கள் பலர் இரண்டு வகை ஃபோகஸையும் ஓரங்கட்டிவிட்டு வேறு வழியில் போகிறார்கள். 35 மி.மீ. லென்ஸை எஃப் 8இல் வைத்து, தூரத்தை 3 மீட்டருக்கு நிறுத்தினால், ஏறக்குறைய 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர்வரை போதுமான கூர்மை கிடைக்கும். அதன்பின் ஃபோகஸை நினைக்கவே வேண்டாம். இதை எந்தக் கேமராவிலும் செய்யலாம், ஆனால் எஸ்.எல்.ஆரில் செய்யும்போது ஸ்கிரீனில் ஆள் மங்கலாகத் தெரிவார்; படம் சரியாகத்தான் விழும் என்று மூளைக்குத் தெரிந்தாலும் கை தன்னையறியாமல் வளையத்தைத் திருக ஆரம்பிக்கும். ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தச் சபலம் இல்லை. பல ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்களின் அடியில் விரல் பதிய ஒரு சிறு பிடி இருக்கும். சில மாதங்கள் பழகினால் அது நேர் கீழே நின்றால் எவ்வளவு தூரம், இடப்பக்கம் ஒதுங்கினால் எவ்வளவு என்று விரலே சொல்லும், கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன்பே.

இனி கட்டத்துக்கு வருவோம். ரேஞ்ச்ஃபைண்டரின் ஜன்னல் எடுக்கப்போகும் படத்தைவிட அகலமாகக் காட்டும். அதற்குள் வெளிச்சக் கோடுகளாக ஒரு சட்டம் மிதக்கும். சட்டத்துக்கு வெளியே இருப்பதும் தெரிவதால், ஓரத்திலிருந்து ஒருவர் நடந்து வருவதை முன்கூட்டியே பார்த்து, அவர் உள்ளே கால் வைக்கும் நொடியில் அழுத்தலாம். வியூஃபைண்டர் இடது மூலையில் இருப்பதால் வலக்கண்ணால் பார்ப்பவருக்கு மூக்கு கேமராவில் இடிக்காது, இடக்கண்ணும் திறந்தே இருக்கலாம். எம்3இன் 0.91 உருப்பெருக்கத்தில் இரண்டு கண்களையும் திறந்து பார்த்தால் உலகத்தின்மேல் ஒரு வெள்ளைச் சட்டம் மிதப்பதுபோலவே இருக்கும். இடக்கண் பழக்கக்காரர்களுக்கு இந்தச் சுகம் எதுவும் கிடையாது. மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு இன்னொரு சங்கடம், 0.72 வியூஃபைண்டரில் 28 மி.மீ. சட்டத்தின் நான்கு ஓரங்களையும் ஒரே பார்வையில் காண முடியாது. கண்ணை அப்படியும் இப்படியும் உருட்டிப் பார்க்கும் நேரத்தில் ஆள் போய்விடுவார்.

சட்டம் துல்லியமானது என்றும் நினைத்துவிடக் கூடாது. ஜன்னலும் லென்ஸும் வெவ்வேறு இடத்திலிருந்து பார்க்கின்றன. அந்த இட வித்தியாசத்தை ஈடுகட்ட நல்ல ரேஞ்ச்ஃபைண்டர்களில் ஃபோகஸ் செய்யச் செய்யச் சட்டமே குறுக்காக நகரும். நகர்ந்தாலும் அளவு மாறாது. லென்ஸின் பார்வைப் பரப்போ கிட்டத்தில் கொஞ்சம் சுருங்கும், தூரத்தில் விரியும். எம்6 போன்ற கேமராக்களில் சட்டம் கிட்டத்துத் தூரத்துக்கென்று அளந்து வரைந்தது. ஆகவே தூரத்து மலையை எடுத்தால் சட்டத்தில் பார்த்ததைவிடத் தாராளமாகவே நெகட்டிவில் விழும். முன்னால் இருக்கும் தூணும் பின்னால் இருக்கும் ஜன்னலும் சரியாக ஒட்டி நிற்க வேண்டும் என்ற மாதிரி நுட்பமான அமைப்புக்கு ரேஞ்ச்ஃபைண்டர் லாயக்கில்லை. நிக்கான் எஃப் 100 சதவீதக் காட்சியைக் காட்டியது. மற்ற எஸ்.எல்.ஆர்.கள் பெரும்பாலும் நூறு காட்டுவதில்லை, ஒலிம்பஸ் ஓ.எம்.1இல் 97 சதவீதம். ஆனால் காட்டுகிற அளவுக்கு அவை காட்டுவது உண்மை.

கிட்டத்தில் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்கள் வழக்கமாக 0.7 மீட்டரோடு, பழையவை 1 மீட்டரோடு நின்றுவிடும். எஸ்.எல்.ஆரின் சாதாரண 50 மி.மீ. லென்ஸே 0.45 மீட்டர்வரை போகும். பூ, பூச்சி, ஆவணம், கையிலிருக்கும் மோதிரம் இவைதான் உங்கள் விஷயமென்றால் ரேஞ்ச்ஃபைண்டரை மறந்துவிடலாம்.

லென்ஸ்களின் வடிவத்தையே இந்தக் கண்ணாடி மாற்றியிருக்கிறது என்பது பலர் கவனிக்காத விஷயம். லைக்கா எம் கேமராவில் லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து ஃபிலிம்வரை 27.8 மி.மீ.தான். நிக்கான் எஃப் கேமராவில் 46.5 மி.மீ. கண்ணாடி எழுந்து தாழ அந்த இடம் வேண்டும். 21 மி.மீ. லென்ஸ் இயல்பாக ஃபிலிமுக்கு வெகு அருகில் உட்கார வேண்டியது; எஸ்.எல்.ஆரில் அதைக் கண்ணாடிக்கு முன்னால் தள்ளி நிறுத்த, முன்பக்கம் பெரிய லென்ஸ் வில்லைகளைச் சேர்த்துப் பிம்பத்தைப் பின்னுக்குத் தள்ளும் அமைப்பு தேவைப்பட்டது. ஆஞ்செனியூ நிறுவனம் 1950இல் ரெட்ரோஃபோகஸ் என்ற பெயரில் 35 மி.மீ. எஃப் 2.5 லென்ஸைக் கொண்டுவந்தது. பின்னாளில் அந்தப் பெயரே அந்த அமைப்புக்கு நிலைத்துவிட்டது. ரேஞ்ச்ஃபைண்டர் பக்கம் அந்தச் சுற்றுவழி வேண்டியிருக்கவில்லை. 1954இல் வந்த ட்சைஸின் 21 மி.மீ. பயோகான் கிட்டத்தட்டச் சமச்சீரானது. நேர்கோடுகள் வளைவதை லென்ஸின் ஒரு பாதி உண்டாக்கினால் மறுபாதி சரிக்கட்டிவிடும். ரேஞ்ச்ஃபைண்டரின் அகல லென்ஸ்கள் இன்றும் சிறியவையாக, கட்டடக் கோடுகளை நேராகக் காட்டுபவையாக இருப்பதற்கு இதுதான் வேர்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நிக்கான் எஃப் கேமராவுக்கு ஆரம்பத்தில் வந்த 21 மி.மீ. எஃப் 4 லென்ஸ் அந்தப் பழைய சமச்சீர் அமைப்பு கொண்டது. கண்ணாடியை மேலே தூக்கிப் பூட்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். பார்ப்பதற்கு மேலே தனி வியூஃபைண்டர் செருக வேண்டும். தூரத்தைக் குறிப்பு பார்த்து வைக்க வேண்டும். அந்தப் பக்கம் லைக்காவோ நீள லென்ஸுக்கென்று விசோஃப்ளெக்ஸ் என்ற கண்ணாடிப் பெட்டியைச் செய்து ரேஞ்ச்ஃபைண்டரின் முகத்தில் மாட்டச் சொன்னது. ஒவ்வொன்றும் தன் எல்லை முடிந்த இடத்தில் மற்றதாக வேடம் போட்டுப் பார்த்திருக்கிறது. இரண்டு வேடமுமே பொருந்தவில்லை.

அதிர்வைப் பற்றிய பேச்சில் மிகையும் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது. கண்ணாடி மேலே போய் மோதும் அதிர்ச்சி 1/500 விநாடியில் ஒன்றும் செய்யாது, ஷட்டர் அதற்குள் மூடிவிடும். பல விநாடி நீளும் படத்திலும் பரவாயில்லை, மொத்த நேரத்தில் அதிர்வின் பங்கு சொற்பம். தொல்லை நடுவில், 1/15, 1/8 என்ற வேகங்களில். அந்த இடத்தில்தான் ரேஞ்ச்ஃபைண்டர் கைமேல் பலன் தரும். 35 மி.மீ. லென்ஸோடு 1/15இல் எனக்குப் பாதிக்கு மேல் தேறும், எஸ்.எல்.ஆரில் 1/30க்குக் கீழே போக மனம் வராது. மிச்சமாகும் ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, வெளிச்சம் விளக்கு மங்கிய அறையில் சின்ன விஷயமில்லை. 35 மி.மீ.யைவிடப் பெரிய ஃபிலிமான மீடியம் ஃபார்மெட்டுக்குப் போனால் இந்த வித்தியாசம் பல மடங்காகும்: பென்டாக்ஸ் 67இன் கண்ணாடி எழும்போது கை அதை உணரும், மமியா 7இல் லென்ஸுக்குள் இருக்கும் இதழ் ஷட்டர் திறந்து மூடியதே சில நேரம் தெரியாது.

சத்தமும் இதோடு வருவதுதான். நாடக அரங்கில், வழிபாட்டில், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் எஸ்.எல்.ஆரின் 'சடக்' ஒரு அறிவிப்பு. இதழ் ஷட்டர் கொண்ட கேனோநெட், யாஷிகா எலெக்ட்ரோ போன்ற லென்ஸ் கழற்ற முடியாத ரேஞ்ச்ஃபைண்டர்கள் எழுப்புவது நாக்கைச் சப்புக்கொட்டும் அளவு ஒலி. இவற்றில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. துணித்திரை ஷட்டர்களில் ஃபிளாஷ் 1/50, 1/60க்கு மேல் ஒத்துவராது. 1982இல் வந்த, உலோகத் தகடு ஷட்டர் கொண்ட நிக்கான் எஃப்.எம்.2 அந்த வரம்பை 1/200க்குக் கொண்டுபோனது பெரிய செய்தி. கேனோநெட்டின் இதழ் ஷட்டரிலோ அதன் உச்ச வேகமான 1/500வரை ஃபிளாஷ் ஒத்துப்போகும். நடுப்பகல் வெயிலில் முகத்து நிழலை ஃபிளாஷால் தணிக்க விரும்புபவருக்கு இந்தச் சின்னக் கேமரா பெரிய கேமராக்களைவிட உதவும்.

ஃபில்டர் விஷயத்தில் இருபக்கமும் பாதி வெற்றி. போலரைசரை எவ்வளவு திருப்பினால் வானம் கறுக்கிறது என்பது எஸ்.எல்.ஆரில் நேராகத் தெரியும். ரேஞ்ச்ஃபைண்டரில் அதைக் கண்ணுக்கு முன் பிடித்துப் பார்த்து, அதே கோணத்தில் லென்ஸில் மாட்ட வேண்டும். கறுப்பு வெள்ளைக்குச் சிவப்பு ஃபில்டர் போட்டால் கதை மாறும். எஸ்.எல்.ஆரில் உலகமே இருண்ட சிவப்பாகும்; ரேஞ்ச்ஃபைண்டர்காரர் எப்போதும்போலத் தெளிவாகப் பார்த்துக்கொண்டு போவார், ஃபில்டருக்கென்று வெளிச்சத்தைக் கூட்ட மறந்துபோகாமல் இருந்தால் சரி.

இன்று இவற்றைப் பெரும்பாலும் பழையதாகத்தான் வாங்க வேண்டியிருக்கிறது, முதுமை ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகத் தாக்கும். எஸ்.எல்.ஆரில் கண்ணாடி மோதும் இடத்திலும் பின்கதவு ஓரத்திலும் ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்ச் காலப்போக்கில் பிசுபிசுத்துக் கறுப்பு மாவாகும். மாற்றுவது எளிது. ரேஞ்ச்ஃபைண்டரில் பார்க்க வேண்டியது பொட்டு. பாதி வெள்ளி பூசிய உள்கண்ணாடி மங்கிப்போனால் பொட்டு வெளுத்து, வெயிலில் காணவே காணாது. இதற்கு அடுத்து, லென்ஸை முடிவிலிக்குத் திருகி மிகத் தூரத்திலுள்ள கோபுர உச்சியையோ நிலாவையோ பாருங்கள். இரண்டு பிம்பமும் ஒன்றாக வேண்டும். பக்கவாட்டில் விலகினால் ஃபோகஸ் தப்பும். மேலும் கீழுமாக விலகினால் ஃபோகஸ் தப்பாது, ஆனால் சேர்ப்பதற்குள் கண் வலிக்கும். ஒருமுறை கீழே விழுந்த ரேஞ்ச்ஃபைண்டரை இந்தச் சோதனை இல்லாமல் நம்பக் கூடாது. சோவியத் சோர்க்கி 4 வாங்குபவர் கூடுதலாக ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஃபிலிமை நகர்த்திய பிறகுதான் ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டும், முன்னால் மாற்றினால் உள்ளே பழுதாகலாம்.

முதல் ஃபிலிம் கேமரா எது என்று கேட்பவரிடம் நான் தயங்காமல் எஸ்.எல்.ஆர். என்பேன், ஆழத்தைப் பார்க்கும் பொத்தான் உள்ள ஒன்று. ஆழமும் மங்கலும் அப்பர்ச்சர் என்ற லென்ஸ் துளையும் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கண்ணாலேயே காட்டிக்கொடுக்கும் கேமரா அது. ரேஞ்ச்ஃபைண்டர் அதையெல்லாம் ஏற்கெனவே தெரிந்துகொண்டு வந்தவரிடம்தான் நல்லபடி நடந்துகொள்கிறது. 28 மி.மீ.யிலிருந்து 50 மி.மீ.க்குள் லென்ஸ், கை எட்டும் தூரத்தில் மனிதர்கள், குறைந்த வெளிச்சம், இந்த மூன்றும் உங்கள் படங்களில் திரும்பத் திரும்ப வருகின்றனவா? அப்படியென்றால் மாறிப் பார்க்கலாம், முதலில் லென்ஸ் கழற்ற முடியாத மலிவான ஒன்றில். 1960களின் போர்முனைப் புகைப்படக்காரர்களில் பலர் தேர்ந்தெடுக்கும் சிக்கலையே வைத்துக்கொள்ளவில்லை. அகல லென்ஸோடு ஒரு ரேஞ்ச்ஃபைண்டர், நீள லென்ஸோடு ஒரு எஸ்.எல்.ஆர்., இரண்டும் ஒரே கழுத்தில்.

அந்த மூடிக்கதைக்குப் பிறகு நான் லென்ஸ் மூடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வெறும் ஃபில்டரோடு திரிந்தேன். அதுவும் சரிப்படாது என்று பின்னால் தெரிந்தது. ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸுக்கும் ரப்பர் பூசிய துணி ஷட்டருக்கும் நடுவே தடுப்பு ஏதும் இல்லை. தோளில் தொங்கும் கேமராவின் லென்ஸ் திறந்த அப்பர்ச்சரில் சூரியனை நோக்கியிருந்தால், பூதக்கண்ணாடியில் காகிதம் பொசுங்குவதுபோலத் துணியில் ஊசித்துளை விழும். அடுத்த ரோலில் ஒவ்வொரு படத்திலும் ஒரு வெள்ளைப் புள்ளி. எஸ்.எல்.ஆரில் இறங்கியிருக்கும் கண்ணாடி அந்த வெயிலை வாங்கிக்கொள்கிறது. இப்போது வெளியில் நடக்கும்போது அப்பர்ச்சரை எஃப் 16க்கு மூடி, ஃபோகஸைக் கிட்டத்துக்குத் திருகி, லென்ஸ் என் விலாப்பக்கம் பார்க்கும்படி தொங்கவிட்டுக்கொள்கிறேன்.